தொடக்க இருப்பு: வடசென்னைப் புறநகரின் பெரிய அரசுப் பள்ளி ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று, பொழுது சாய்வதற்குள் பள்ளியின் வெளிவாசலில் பிளக்ஸ் பலகை ஏறிவிட வேண்டும் என்பது இந்தப் பகுதியில் எழுதப்படாத விதி. காலையில் மதிப்பெண்கள் வந்ததும் கணினி ஆசிரியர் முதல் மூன்று பேரைக் கண்டுபிடிப்பார். ஹால் டிக்கெட்டில் உள்ள புகைப்படங்களை வெட்டியெடுத்துத் தேரடிப் பக்கம் உள்ள பிளக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். சென்டம் வாங்கியவர்கள் யாரேனும் விடுபட்டிருக்கிறார்களா என்று பாட ஆசிரியர்கள் பலமுறை போன் செய்து கேட்பார்கள். மாநில, மாவட்ட ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை அரசு 2017ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. பள்ளி வாசல்களில் மட்டும் அது நிற்கவில்லை. தனியார் பள்ளிகளின் பலகைகள் ஊர் முழுக்க நிற்கும்போது அரசுப் பள்ளி ஒன்று மட்டும் பேசாமல் இருந்தால் ஜூன் மாதச் சேர்க்கை படுத்துவிடும் என்று தலைமையாசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு என்பதால், அந்தப் பலகையை நான் கேலி செய்யவில்லை.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள அந்தப் பள்ளியில் பதினேழு ஆண்டுகள் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்ற இடத்தில் அமர்ந்திருக்கிறேன். கணக்குப்பதிவியல் படித்தவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். இறுதி இருப்பை மட்டும் பார்த்து ஒரு கடையைப் பற்றி அவன் எதுவும் சொல்ல மாட்டான். தொடக்க இருப்பு எவ்வளவு, ஆண்டுக்குள் வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, வாராக்கடன் என்று போக்கெழுதியது எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் லாபமா நட்டமா என்று வாய் திறப்பான். வாசலில் நிற்கும் பலகை இறுதி இருப்பை மட்டும் காட்டுகிறது. மற்றவை சேர்க்கைப் பதிவேட்டிலும், டிசி புத்தகத்திலும், வருகைப் பதிவேட்டிலும், தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலிலும் கிடக்கின்றன. இந்த ஆய்வு அவற்றைப் புரட்டியதன் விளைவு. மாணவர்கள் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

பள்ளி நிற்கும் இடம்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, தமிழ் வழியும் ஆங்கில வழியும் உள்ள இருபாலர் பள்ளி அது. காலைப் பிரேயருக்கு எல்லா வகுப்பையும் ஒரே நேரத்தில் நிறுத்த மைதானம் போதாது என்பதிலிருந்து அதன் அளவைப் புரிந்துகொள்ளலாம். கிழக்கே கடலோரக் குப்பங்கள், மேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், வடக்கே எண்ணூரின் அனல்மின் சாம்பல், தெற்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். இவற்றுக்கு நடுவே வாழும் குடும்பங்களின் பிள்ளைகள்தாம் இங்கே படிக்கிறார்கள். ஒரு காலத்தில் அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்ஆர்எஃப், விம்கோ என்று நிரந்தர வேலை பார்த்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் இதே பெஞ்சுகளில் இருந்தார்கள். நிரந்தர வேலைகள் குறைந்து ஒப்பந்த வேலைகள் பெருகியபோது வகுப்பறையின் முகமும் மாறியது. சம்பளம் ஓரளவு நிலையாக இருந்தவர்கள் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்குப் போனார்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுநர், சுமை தூக்குபவர், வீட்டு வேலை செய்பவர், படகுக்குப் போகிறவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டட வேலை பார்ப்பவர் என இவர்களுடைய பிள்ளைகள் இங்கே தங்கினார்கள்.

நிர்வாகத்திலும் இந்தப் பகுதி இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆனாலும் வருவாய்க் கணக்கில் 2018 வரை நாங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். 2022இல் விரிவாக்கப் பகுதிகளில் இருந்த 139 அரசுப் பள்ளிகளை மாநகராட்சியின் பொறுப்புக்கு மாற்றும் முடிவு வந்தது. இதெல்லாம் கோப்பு விஷயம் என்று தோன்றும். மாணவருக்கு அது எங்கே இடித்தது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்று உண்டு. டிரஸ்ட் தேர்வு என்போம். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று தேர்ந்தெடுத்து உதவித்தொகை தருவார்கள். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் படிப்பவர்கள் அதை எழுத முடியாது. மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீரில் பள்ளிக்கு நடந்து வரும் எங்கள் பிள்ளை, கோப்பில் மாநகரத்துப் பிள்ளை.

ஒன்பதாம் வகுப்பில் வருகிறவர்கள்

எந்தப் பள்ளிக்கும் தொடக்க இருப்பு ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள்தான் என்று நினைப்போம். எங்கள் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால், ஆறாம் வகுப்புக்கு அடுத்தபடியாகத் தடித்த பக்கங்கள் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் இருக்கும். காரணம் சட்டத்திலும் கணக்கிலும் கலந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஆகவே ஒரு தனியார் பள்ளிக்குத் தன் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிய கவலை ஒன்பதாம் வகுப்பில்தான் தலைகாட்டும். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோரை அழைப்பார்கள். "உங்க பையனுக்கு எங்க சிலபஸ் கொஞ்சம் கஷ்டமா இருக்கு, அரசுப் பள்ளியில சேர்த்தா ஈஸியா பாஸ் பண்ணிடுவான்" என்பது அந்த அழைப்பின் சாரம். சிலபஸ் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், 2010க்குப் பிறகு சமச்சீர்க் கல்வி வந்துவிட்டது என்பதை எந்தப் பெற்றோரும் அந்த அறையில் திருப்பிச் சொல்வதில்லை.

கட்டணப் பாக்கியால் வருகிறவர்கள் இன்னொரு வகை. பாக்கியைக் காட்டி டிசியைப் பிடித்து வைப்பது நெடுநாளைய வழக்கம். மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பும் பின்பும் எங்கள் தலைமையாசிரியர்கள் செய்தது ஒன்றுதான். பிள்ளையை முதலில் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, பேப்பரைப் பிறகு பார்த்துக்கொண்டார்கள்.

இதன் கணக்கைச் சற்று விளக்கமாகப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, பத்தாம் வகுப்பில் 100 பேர் உள்ள தனியார் பள்ளி ஒன்று, தேறுவது சந்தேகம் என்று தோன்றும் 8 பேரை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சிய 92 பேரும் தேறினால் அதன் தேர்ச்சி நூற்றுக்கு நூறு. அந்த 8 பேரும், அதேபோல வேறு நான்கு பள்ளிகளிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து 40 பேர், 300 பேர் உள்ள எங்கள் பள்ளியில் வந்து அமர்கிறார்கள். பழைய 300இல் 285 பேர் தேறுகிறார்கள். அது 95 விழுக்காடு. புதிதாக வந்த 40 பேரில் 24 பேரைத் தேற வைக்கிறோம். மொத்தம் 340க்கு 309. விழுக்காடு 91க்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. 24 பிள்ளைகளைக் கரை சேர்த்ததற்குப் பரிசாக நான்கு புள்ளிகளை இழக்கிறோம். அவர்களை வெளியே அனுப்பிய பள்ளியோ தன் வாசலில் 100 என்று எழுதிக்கொள்கிறது. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, நடப்பு இதுதான்.

மாநில அளவில் 2025ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்ச்சி 95.03 விழுக்காடு, அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.94 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள மூன்று புள்ளிச் சொச்சத்தைப் பார்த்து அரசுப் பள்ளி ஆசிரியர் சரியாகப் பாடம் நடத்துவதில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள், தொடக்க இருப்பைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எல்லா ஆசிரியரும் சரியாக நடத்துகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் பதினேழு ஆண்டுகள் இருந்தவனுக்கு அதுவும் தெரியும்.

வாராக்கடன்

கடைக்காரர் ஒருவர், இனி வராது என்று முடிவு செய்த கடனைப் பேரேட்டிலிருந்து நீக்கி நட்டத்தில் சேர்ப்பதைப் போக்கெழுதுதல் என்று பிளஸ் ஒன் பாடநூல் சொல்லும். பள்ளியில் அதற்கு இணையான சொல் 'லாங் ஆப்சென்ட்'. வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு நீளக் கோடு. அந்தக் கோடு விழுந்த பெயர், பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸிலும் நாமினல் ரோலிலும் இருந்துகொண்டே இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

2023 மார்ச் 13 அன்று நடந்த பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி வந்தபோது சட்டமன்றம் வரை அதிர்ச்சி போனது. எங்களுக்கு அதிர்ச்சி இல்லை. அந்த ஆண்டுப் பிள்ளைகள் 2021இல் பத்தாம் வகுப்பை முடித்தவர்கள். கொரோனா காரணமாகத் தேர்வே இல்லாமல் 'ஆல் பாஸ்' ஆனவர்கள். வழக்கமாகப் பத்தாம் வகுப்போடு ஐடிஐக்கோ வேலைக்கோ போயிருக்கக் கூடியவர்களும், பள்ளி மூடியிருந்த காலத்தில் வேலைக்குப் போய்ச் சம்பளம் பார்த்துவிட்டவர்களும் பிளஸ் ஒன்னில் பெயர் கொடுத்திருந்தார்கள். பெயர் பள்ளியில் இருந்தது. ஆள் மணலி நெடுஞ்சாலையில் லாரிக்குக் கிளீனராக இருந்தான்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு மாணவனைத் தேடிப் போனதை எழுத வேண்டும். பொருளியல் ஆசிரியரும் நானும் விடியற்காலை நான்கு மணிக்குக் காசிமேட்டுக்குப் போனோம். பகலில் போனால் அவன் தூங்கிக்கொண்டிருப்பான் என்று அவனுடைய அத்தை சொல்லியிருந்தார். ஏலக் கூச்சலுக்கு அப்பால், ஐஸ் அரைக்கும் மெஷின் பக்கத்தில், பாறைபோல் இருந்த ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கொக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கைலியை இறக்கிவிட்டான். அந்த ஒரு செய்கையில், இவன் இன்னும் மாணவன்தான் என்று எனக்குத் தெரிந்தது. பொருளியல் ஆசிரியர் நீளமாக அறிவுரை சொல்லத் தொடங்கினார், நான் தடுத்துவிட்டேன். அறிவுரை சொல்வதற்கு அங்கே யாருக்கும் நேரம் இல்லை; ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

"சார், எனக்கு அக்கவுண்டன்சி ஒண்ணும் தெரியாது, வந்து என்ன செய்யப் போறேன்?" என்றான்.

அவனுக்குச் சொன்ன கணக்கை இங்கே அப்படியே தருகிறேன்; மற்ற பள்ளிகளில் இருப்பவர்களுக்கும் அது உதவும். கணக்குப்பதிவியலில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். எழுத்துத் தேர்வில் குறைந்தது 25 எடுத்திருக்க வேண்டும். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 20 வருகிறது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்து எழுதுவது. புத்தகத்தின் பின்பக்க வினாக்களை மட்டும் கரைத்துக் குடித்தாலும் அதில் 12, 14 வாங்கலாம். இரண்டு மதிப்பெண் வினா ஏழு எழுத வேண்டும். விளக்கங்களைப் படித்திருந்தால் அங்கே 8. மூன்று மதிப்பெண் கணக்குகளில், கூட்டாளி சேர்ப்பில் தியாக விகிதம் காண்பதும், நற்பெயரைச் சராசரி லாபத்தில் மதிப்பிடுவதும் நான்கு நாளில் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஐந்து மதிப்பெண் கணக்குகளில் முடிவு தப்பானாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. இதை மினிமம் மெட்டீரியல் படிப்பு என்று இளக்காரமாகச் சொல்வார்கள். நானும் இளம் வயதில் சொல்லியிருக்கிறேன். ஆறு பாடத்தில் ஐந்தில் தேறி ஒன்றில் தவறியவன் கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல் நிற்பதைப் பார்த்த பிறகு அந்த இளக்காரம் போய்விட்டது.

ஏலம் முடிந்து அவன் எட்டரை மணிக்கு நேராகப் பள்ளிக்கு வருவது என்றும், முதல் இரண்டு பீரியடுகள் நூலக அறையில் தூங்கிவிட்டு மூன்றாவது பீரியடிலிருந்து படிப்பது என்றும் ஏற்பாடு. தலைமையாசிரியர் இதை எழுத்தில் அனுமதிக்கவில்லை, வாயால் தடுக்கவும் இல்லை. மார்ச் தேர்வை அவன் எழுதினான். 600க்கு 300ஐத் தொடவில்லை. ஆனால் ஆறு பாடத்திலும் தேறினான். மாலைக் கல்லூரியில் பி.காம் சேர்ந்து, பகலில் மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் பில் போடுகிற வேலை பார்க்கிறான். போக்கெழுதிய வாராக்கடன் பின்னால் வசூலானால் அதை லாப நட்டக் கணக்கின் வரவுப் பக்கத்தில் காட்ட வேண்டும். அந்த ஆண்டுப் பலகையில் அவனைக் காட்ட வழியில்லை.

அப்படிப் போய்ப் பார்த்தும் திரும்பாதவர்களே அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருமணம் முடிந்துவிட்ட ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்று, என்ன பேசுவது என்று தெரியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிய நாளும் உண்டு.

கடலும் காலண்டரும்

இந்தப் பகுதிப் பிள்ளைகளின் சாதனையைக் கணக்கிடும்போது பள்ளியின் நாட்காட்டியை மட்டும் பார்த்தால் போதாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பத்தாம் வகுப்பு முடிவு வருவதும், பிளஸ் ஒன்னுக்கு எந்த குரூப் எடுப்பது என்று முடிவு செய்வதும், கல்லூரி விண்ணப்பக் கட்டணம் கட்டுவதும் சரியாக அந்த இரண்டு மாதத்தில்தான். படகுக்காரர் வீட்டில் கையில் காசு இல்லாத காலத்தில்தான் பிள்ளையின் படிப்பு பற்றிய பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஒரு பையன் ஐடிஐக்குப் போகிறானா, பாலிடெக்னிக்கா, பிளஸ் ஒன்னா என்பதை அவன் மதிப்பெண் தீர்மானிப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். மே மாதத்து வீட்டு நிலவரம் தீர்மானித்த வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் மாதம் இன்னொரு கண்டம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் எண்ணூர், எர்ணாவூர், மணலி வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் புகுந்தது. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. நனைந்த பாடநூல்களுக்குப் பதிலாக அரசு புதிய பாடநூல்களைக் கொடுத்தது. பாடநூல் வந்துவிட்டது, கைப்பட எழுதிய நோட்டு திரும்பி வராது. பிளஸ் டூ பிள்ளைக்கு நோட்டுதான் சொத்து. என் வகுப்பு மாணவி ஒருத்தி, கறுப்பு எண்ணெய் ஊறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கணக்கு நோட்டைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். பக்கங்களைப் பிரித்தால் கிழிந்தது. உள்ளே கூட்டாண்மைக் கணக்குகள், கோடு போட்டு, அடிக்கோல் வைத்து அழகாக எழுதியவை. தோழிகளின் நோட்டுகளை மாற்றி மாற்றி வாங்கி ஜனவரி முழுக்க அவற்றைத் திரும்ப எழுதினாள். திருப்புதல் தேர்வில் அவள் குறைந்த மதிப்பெண் எடுத்ததற்கு நான் திட்டியிருக்கிறேன் என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

உதவித்தொகைகளும் கேரம் பலகையும்

வழக்கமான சாதனைகளும் பள்ளியில் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும், மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்எம்எம்எஸ்ஸில், மனத்திறனுக்கு 90 வினா, படிப்புத் திறனுக்கு 90 வினா. தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000 வங்கிக் கணக்கில் வரும். கணித ஆசிரியை ஒருவர் இதற்கென்றே காலை எட்டு மணிக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு எங்கள் பள்ளிப் பெயர் பட்டியலில் ஆண்டுதோறும் வரத் தொடங்கியது. அவர் பணிமாறுதலில் போன அடுத்த ஆண்டு பெயர் காணாமல் போனது. அரசுப் பள்ளிச் சாதனை பல நேரங்களில் ஒரே ஓர் ஆசிரியரின் தோளில் தொங்குவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பதினோராம் வகுப்பில் எழுதும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில், மாதம் ரூ.1,500 வீதம் இரண்டாண்டு கிடைக்கும். தனியார் பள்ளி மாணவரும் எழுதலாம் என்பதால் போட்டி கடுமை. அதிலும் எங்கள் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.

விளையாட்டில் வடசென்னைக்குத் தனி வரலாறு இருக்கிறது. குத்துச்சண்டைப் பரம்பரைகளும், வியாசர்பாடியின் கால்பந்தும், தெருமுனைக் கேரமும் பள்ளிகள் உண்டாக்கியவை அல்ல, தெரு உண்டாக்கியவை. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றபோது எங்கள் பள்ளியில் கேரம் பலகைகள் அலமாரிக்கு மேலிருந்து இறங்கின. பவுடர் செலவு மட்டும் உடற்கல்வி ஆசிரியருடைய சொந்தப் பணம். பாரதியார் நாள், குடியரசு நாள் போட்டிகளில் குறுவட்டத்தைத் தாண்டி மாவட்டம், மாநிலம் என்று போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மாலையில் தெருவில் யாரிடமோ கற்றுக்கொண்டவர்கள். பள்ளி அவர்களுக்குக் கொடுப்பது போட்டிக்குப் போன நாளையும் வந்த நாளாகக் கணக்கிடும் ஓ.டி. (ஆன் டியூட்டி) அட்டெண்டன்ஸ், கையெழுத்து, பேருந்துச் செலவு. கேட்பதற்குச் சிறியவை, ஆனால் இந்த மூன்றும் கிடைக்காததால் விளையாட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்பின் ஒரு வரி

2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு அது பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரியில் படிக்க மாதம் ரூ.1,000 தருகின்றன. இந்தத் திட்டங்கள் வந்த பிறகு, எங்கள் அலுவலகத்தில் மிகுதியாகத் தேடப்படும் ஆவணம் மதிப்பெண் பட்டியல் அல்ல. ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி.

ஏனென்றால் இந்தப் பகுதியில் ஒரு பிள்ளை ஏழு ஆண்டும் ஒரே பள்ளியில் படிப்பது அபூர்வம். வாடகை வீடு மாறும்; தாய்வீட்டுக்குப் போவார்கள்; மறுகுடியமர்வில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வருவார்கள். நடுவில் ஓராண்டு அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் 7.5 விழுக்காட்டுக்குள் வர முடியாது. உதவிபெறும் பள்ளியும் இலவசம்தானே, அதுவும் அரசுப் பள்ளிதானே என்று நினைத்துச் சேர்த்த பெற்றோர் எத்தனையோ பேர். நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி ஒருத்தியின் அம்மா, மகளின் ஏழாம் வகுப்புப் படிப்புச் சான்றுக்காக மூன்று பள்ளிகளுக்கு அலைந்துவிட்டுக் கடைசியில் எங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார். மகள் ஏழாம் வகுப்பு படித்தது உதவிபெறும் பள்ளியில். எழுத்தர் பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து அந்த வரியைக் காட்டினார். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அது வீட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு சார், ரோடு கிராஸ் பண்ண வேணாம்னு சேர்த்தேன்" என்றார். அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசைகட்டி நிற்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மாணவி இப்போது பி.எஸ்சி நர்சிங் படிக்கிறாள். பிளக்ஸில் அவள் படம் முதலிடத்தில் இருந்தது.

இதிலிருந்து பள்ளி ஒன்று கற்றுக்கொண்டது. இப்போது எட்டாம் வகுப்புக்குள் வேறு பள்ளிக்கு டிசி கேட்டு வரும் பெற்றோரிடம், போகிற பள்ளி அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா என்று கேட்டுவிட்டு, வித்தியாசத்தை விளக்கிய பிறகே எழுத்தர் டிசி எழுதுகிறார். யாரும் உத்தரவு போட்டு வந்த நடைமுறை அல்ல. மாநகராட்சிப் பள்ளிக்குப் போனால் பாதகம் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.

பெரிதாக இருப்பதன் பலனும் விலையும்

இவ்வளவு பெரிய பள்ளி வேண்டுமா என்ற கேள்வி மேலாண்மைக் குழுவில் அடிக்கடி வரும். பெரிய பள்ளியில்தான் உயிரியல், கணினி அறிவியல், வணிகவியல், தொழிற்கல்வி என்று எல்லா குரூப்பும் இருக்கும். சிறிய மேல்நிலைப் பள்ளியில் இரண்டு குரூப்பு மட்டும் இருந்தால், இயற்பியல் பிடிக்காத பிள்ளையும் இயற்பியல்தான் படிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் முதல் குரூப்பில் திணறிய ஒருவனை ஜூலைக்குள் வணிகவியலுக்கு மாற்றிவிட முடிந்தது. அவன் இன்று சிஏ இன்டர் எழுதிக்கொண்டிருக்கிறான்.

விலையும் உண்டு. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் செய்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டு எங்களிடம் வருவதில் ஒரு பகுதி ஆகஸ்டுக்குப் பிறகு நடக்கிறது. அவர்களுக்கு என்று ஆசிரியர் கிடையாது. ஏற்கெனவே நாற்பதைத் தாண்டிய வகுப்பில் இன்னொரு பெஞ்சு போட வேண்டியதுதான். பெரிய பள்ளியில் ஒரு பிள்ளை நான்கு நாள் வராவிட்டால் யாருக்கும் தெரியாமலேயே போய்விடக் கூடும். என்னிடம் இருந்த காசிமேட்டுப் பையன் முதல் மூன்று வாரம் வராததை நானே கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எமிஸில் தினமும் வருகை ஏற்றினோம். செல்போனில் விரல் பட்டதோடு சரி.

பலகையில் ஒரு புதிய வரி

சென்ற முறை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் ஒரு கோரிக்கை வைத்தேன். முதல் மூன்று பேர் படமும் சென்டம் பட்டியலும் இருந்துவிட்டுப் போகட்டும். கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் இத்தனை பேர், அவர்களில் பன்னிரண்டு வரை நின்று தேர்வு எழுதியவர்கள் இத்தனை பேர், தேறியவர்கள் இத்தனை பேர் என்ற மூன்று எண்கள். குழுவில் இருந்த பெற்றோர்களில் ஒருவர், அப்படி எழுதினால் வேறு பள்ளியில் தள்ளிவிட்ட பிள்ளைகள்தான் இங்கே படிக்கிறார்கள் என்று ஊர் பேசும், சேர்க்கை குறையும் என்றார். அதில் உண்மை இருந்தது. அவருடைய மகனும் அப்படி வந்தவன்தான். நெடுநேரம் பேசியபின், 'சேர்ந்தவர்கள், எழுதியவர்கள், தேறியவர்கள்' என்று மட்டும் போடுவது, எங்கிருந்து வந்தவர்கள் என்பதைப் போட வேண்டாம் என்று தீர்மானமாயிற்று.

முடிவு வந்த நாள் மாலை பிளக்ஸ் கடைக்காரர் எனக்கே போன் செய்தார். மேலே மூன்று படம் வந்துவிட்டது, கீழே மூன்று நம்பர் இருக்கிறது, அந்த நம்பர் பக்கத்தில் யார் போட்டோ வைக்க வேண்டும் என்று கேட்டார். யார் போட்டோவும் இல்லை என்றேன். டிசைன் மொட்டையாகத் தெரியும், பள்ளி கட்டடத்தின் படமாவது போடட்டுமா என்றார். தலைமையாசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் அப்போது மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கப் பணம் இல்லாத ஒரு மாணவனிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த இடம் காலியாகவே அச்சாகி வந்தது.